ஆறாவது வரி

மூணாறுக்குப் போகும்போது எங்கள் வீட்டில் நாலு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறியதில்லை. அது என் ஏற்பாடு. உடுமலைப்பேட்டையில் இறங்கியதும் மனைவியையும் இளையவளையும் முதல் பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். நானும் மூத்தவளும் அடுத்த பஸ்ஸுக்கு நிற்போம். சில நாள் அது வர மூன்று மணி நேரம்கூட ஆகும். சின்னாறு தாண்டியதிலிருந்து ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஒரு பஸ்ஸுக்கு ஏதாவது நேர்ந்தால் இன்னொரு பஸ்ஸில் பாதிக் குடும்பமாவது மிஞ்ச வேண்டும் என்று நினைத்தேன். இதை மனைவியிடம் இப்படி உடைத்துச் சொன்னதில்லை. சொல்லாமலே அவளுக்குப் புரிந்திருந்தது.

"ஏனுங்க, மிஞ்சுற பாதி அப்புறம் என்னத்தப் பண்ணுமுங்க?" என்று ஒருமுறை கேட்டாள். நான் டிக்கெட் எடுக்கப் போவதுபோல நகர்ந்துவிட்டேன்.

மூத்தவளுக்கு அப்போது பத்து வயது இருக்கும். பஸ் நிலையத்தில் நின்று நின்று கால் வலித்த எரிச்சலில், "ரெண்டு பஸ்ஸும் ஒரே ரோட்டுலதானுங்கப்பா போகுது?" என்றாள். ஓரத்தில் எட்டிப் பார்க்காமல் நில் என்று அதட்டினேன்.

நான் பிறந்தது தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். அப்பா அம்மா கொழுந்துக் காட்டிலும் தொழிற்சாலையிலும் வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தார்கள். அண்ணன் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையிலேயே பிட்டராக இருந்துவிட்டான். நான் கணிதம் படித்து, பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு பள்ளியில் ஒன்பது வருடம் பாடம் நடத்தினேன். அந்தப் பக்கத்துப் பெண்ணையே கட்டினேன். பிறகு மாநில எல்லைக்கு அருகே பம்பு மோட்டார் செய்யும் ஒரு தொழிற்சாலை வந்தது. அவர்கள் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். வேறு எங்கோ பல வருடம் ஓடிக் கழித்துவிட்ட இயந்திரம். அதற்குக் கணிதம் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போய்ச் சேர்ந்தேன். எங்கள் பிரிவின் அதிகாரி கோட்டயத்துப் பக்கத்துக்காரர். நான் வாத்தியாராக இருந்தவன் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை "மாஷே" என்றுதான் கூப்பிடுவார்.

அந்த இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விவரங்கள் எல்லாம் டிஸ்க்கில் இருக்கும். டிஸ்க் என்றால் ஒரே அச்சில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கோத்த ஆறு தட்டுகள். பழுப்பு நிறப் பூச்சு. மேலே கேக் மூடிபோல ஒரு பிளாஸ்டிக் மூடி, அதில் கைப்பிடி. இரண்டு கையாலும் தூக்கி, இடுப்பு உயரப் பெட்டி ஒன்றுக்குள் இறக்கித் திருகினால் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பெட்டிக்கு டிரைவ் என்று பெயர். டிரைவ் ஓடும்போது தட்டுகள் சுழலும். படிக்கும் முனைகள் தட்டின் மேல் தொடாமல், ஒரு மயிரிழைக்கும் குறைவான காற்றில் மிதந்துகொண்டிருக்கும். தொட்டுவிட்டால் பூச்சைச் சுரண்டிவிடும். இதெல்லாம் கையேட்டில் இருந்தது. படித்திருந்தேன். படித்தது வேறு, தெரிவது வேறு என்பது எனக்கு அப்போது தெரியாது.

எங்களிடம் நான்கு டிரைவ்கள். முதல் டிரைவில் இயந்திரத்தை ஓட்டும் கட்டளைகள் உள்ள டிஸ்க் எப்போதும் இருக்கும். மற்ற மூன்றும் வேலைக்கு. கட்டளை டிஸ்க்கைச் சேர்க்காமல் டிஸ்க்குகள் பத்து. புதிதாக வாங்க வேண்டுமானால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அனுமதிக்கே ஒரு வருடம் ஆகும். டேப் இயந்திரம் ஒன்று இருந்தது, உதிரி வராமல் போர்வை போர்த்திக் கிடந்தது. ஆகவே பத்து டிஸ்க்கை வைத்துக்கொண்டு, எது கெட்டாலும் விவரம் போகாமல் எப்படிக் காப்பது என்று ஒரு விதி எழுதித் தரும்படி அதிகாரி என்னிடம் சொன்னார்.

என்னைவிட அதற்குப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டான். கெட்டுப்போவதைப் பற்றி யோசிப்பதுதானே என் வாழ்க்கை. ஒரு மாதம் அதிலேயே இருந்தேன். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு நகல் என்று இரண்டிரண்டாகச் சேர்த்தால் பாதி டிஸ்க்குகள் நகலுக்கே போய்விடும், அதற்கு நம்மிடம் வசதியில்லை. மூன்று மூன்றாகச் சேர்த்தேன். முதல் இரண்டில் விவரம். மூன்றாவதில் அந்த இரண்டையும் ஒப்பிட்ட குறிப்பு. ஒரே இடத்தில் முதல் இரண்டிலும் ஒரே குறி இருந்தால் மூன்றாவதில் பூஜ்யம், மாறியிருந்தால் ஒன்று. அவ்வளவுதான். மூன்றில் எந்த ஒன்று போனாலும், மிஞ்சிய இரண்டையும் பார்த்துப் போனது என்ன என்று சொல்லிவிடலாம். அதைச் செய்யும் புரோகிராமையும் நானே எழுதினேன். மூன்று குழுக்கள், ஒன்பது டிஸ்க். பத்தாவது சும்மா இருக்கும், ஏதாவது கெட்டால் அதன் இடத்துக்கு வர.

இன்னும் ஒன்று செய்தேன். டிஸ்க்குகள் மூன்று பெட்டிகளில் வந்திருந்தன. ஒரே பெட்டியில் வந்தவை ஒரே நாளில் செய்தவையாக இருக்கும், ஒன்று கெட்டால் மற்றதும் கெடலாம் என்று, ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒன்றாக எடுத்துக் குழு சேர்த்தேன். அதிகாரி அதைப் பார்த்துச் சிரித்தார்.

"மாஷே, நீங்க டிஸ்க்குக்கு ஜாதகம் பார்க்கிறீர்களா?"

"எல்லாரையும் ஒரே பஸ்ஸுல ஏத்தக் கூடாது சார்," என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

விதி ஒரு தாளில் ஐந்து வரி. எது எதனுடன் சேரும் என்பது முதல் வரி. தினமும் மூன்றாவதைப் புதுப்பிப்பது இரண்டாவது. மாற்று டிஸ்க்கைத் தனி அலமாரியில் வைப்பது மூன்றாவது. நான்காவது: ஒரு டிரைவில் டிஸ்க்கைப் படிக்க முடியாவிட்டால் அதை எடுத்து அடுத்த டிரைவில் போட்டுப் பார்க்கவும், அங்கும் முடியாவிட்டால் டிஸ்க் கெட்டது என்று கொண்டு, அதன் இடத்தில் மாற்று டிஸ்க்கைப் போட்டு மற்ற இரண்டிலிருந்து திரும்ப எழுதவும். ஐந்தாவது: அப்படி எழுத வராவிட்டால், குழுவில் உள்ளவற்றை டிரைவ் மாற்றிப் போட்டு முதலிலிருந்து தொடங்கவும்.

தாளை டைப் அடித்து, அடியில் நான் கையெழுத்திட்டு, சட்டம் போட்டு இயந்திர அறைச் சுவரில் மாட்டினோம். டிஸ்க் மூன்றாக இருக்கும்போது, விவரத்தைத் துளையாகக் குத்தி இயந்திரத்துக்குள் ஏற்றிய அட்டைகள் எதற்கு என்று பழைய அட்டைகளைக் கழித்துவிட்டார்கள். அதற்கும் நான் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வருடம் என் மூத்தவள் அங்கே ஆபரேட்டராகச் சேர்ந்தாள்.

அவளும் கணிதம்தான் படித்தாள். பரீட்சை எழுதி, நேர்முகத்துக்குப் போய், தானே வாங்கிய வேலை. தேர்வு நடந்த நாளில் என்னை வேறு கட்டிடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடியும்போது வேலை நிரந்தரம், அல்லது வீடு. அந்த வருடம் எங்கள் பக்கத்தில் பட்டம் வாங்கிய பெண்கள் வீட்டில் உட்கார்ந்து அரசாங்க விளம்பரங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு இது போனால் அடுத்தது எது என்று எனக்குத் தெரியவில்லை.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. செய்துகொண்டிருக்கும் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, "இது எதுக்கு?" என்பாள். சமையலிலும் அப்படித்தான், கோலத்திலும் அப்படித்தான். எனக்குப் பயம் வந்துவிட்டது. புதிதாக வந்தவள், அதுவும் இங்கே வேலை பார்ப்பவன் மகள், பாதியில் நிறுத்திக் கேள்வி கேட்டு ஏதாவது கெட்டுப்போனால் அவள் தலையில்தான் விழும். தாளில் உள்ளபடி செய்தால் பழி தாளுக்கு. இப்படி யோசித்து, அவள் சேர்ந்த மூன்றாம் நாள் அதே தாளில் ஆறாவது வரி ஒன்றைச் சேர்த்தேன்.

"ஆபரேட்டர் தன் யோசனைப்படி இடையில் நிறுத்தக் கூடாது. எல்லாப் படிகளையும் செய்து முடித்த பிறகே மேலே தெரிவிக்க வேண்டும்."

அதிகாரியிடம் ஒழுங்குக்காக என்று சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டார். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

தை மாதத்தில் எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தாலும் மேசை மேல் படியும் தூசியில் விரலால் பெயர் எழுதலாம். அப்படி ஒரு திங்கட்கிழமை காலை. நான் பக்கத்து அறையில் புது அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் தனியாக இருந்தாள். மோட்டார் பரிசோதனை விவரங்கள் உள்ள குழு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது டிரைவில் முதல் டிஸ்க், மூன்றாவதில் இரண்டாவது டிஸ்க், நான்காவதில் ஒப்பீட்டு டிஸ்க்.

ஒரு சத்தம் வந்தது. ஸ்லேட்டில் ஆணியால் கோடு இழுப்பதுபோல. நீளமாக. பிறகு நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது டிரைவின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். தாளைப் பார்க்கிறாள் என்று எனக்கு ஒரு நிம்மதி. நான் மறுபடி அட்டைக்குக் குனிந்தேன். எழுந்து போயிருக்கலாம். ஐந்து அடி தூரம்.

அதே சத்தம் மறுபடி வந்தது. சிறிது நேரம் கழித்து இன்னும் இரண்டு முறை. அதன் பிறகு ஒன்றுமில்லை. எல்லா விசிறிகளும் அடங்கின. நான் உள்ளே ஓடினபோது மின்சார விசையை இறக்கிவிட்டு அதன் மேல் கையை வைத்தபடி நின்றிருந்தாள். கருகிய நாற்றம். மூன்றாவது, நான்காவது டிரைவ்களின் விளிம்பில் பழுப்புத் தூள் படிந்திருந்தது.

"என்னம்மா பண்ணுன?"

"நிறுத்திட்டேனுங்கப்பா."

"ஏன் நிறுத்துன? அஞ்சாவது படி இருக்குல்ல? ஆறாவதுல என்ன போட்டிருக்கு?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமா, இரக்கமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டாவது டிஸ்க் போயிற்று. ஒப்பீட்டு டிஸ்க்கும் போயிற்று. மாற்று டிஸ்க்கும் போயிற்று. முதல் டிஸ்க் மட்டும் இரண்டாவது டிரைவில் பத்திரமாக இருந்தது. மூன்றில் ஒன்று போனால் திரும்பக் கொண்டுவரலாம். இரண்டு போனால் முடியாது. இரண்டு வருடப் பரிசோதனை விவரங்களில் பாதி இல்லை. ஒரே காலையில், ஒரே பெட்டியில் வராத மூன்று டிஸ்க்குகள் எப்படிப் போகும்? இது நடக்கவே முடியாதே என்பதுதான் என் முதல் எண்ணம். நடக்க முடியாதது நடந்தால் யாரோ ஏதோ செய்திருக்க வேண்டும். அறையில் இருந்தது அவள் ஒருத்திதான்.

அதிகாரி நல்லவர். ஆனால் அவருக்கு மேலே ஆட்கள் இருந்தார்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமை விசாரணை என்று மகள் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். 'நடைமுறையைப் பாதியில் கைவிட்டது ஏன்' என்று அதில் கேட்டிருந்தது. அந்த மாதக் கடைசியில் அவளுடைய ஆறு மாதம் முடிகிறது. விசாரணையில் தவறு என்று எழுதினால் திரும்ப வரத் தேவையில்லை.

அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தட்டைக் கீழே போட்டாயா, மூடியைத் திருகாமல் ஓட்டினாயா, தலையில் வைத்த பூ உதிர்ந்து உள்ளே விழுந்ததா என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். காலையில் பல் துலக்கும்போது கேட்டேன். காகிதத்தில் நான்கு கட்டம் போட்டு, டிஸ்க்குகளுக்குப் பதில் புளியங்கொட்டை வைத்து, எதை எங்கே நகர்த்தினாள் என்று தள்ளிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் விதி சரியாகவே இருந்தது. விதிப்படி செய்தால் கெடாது. கெட்டிருக்கிறது. ஆகவே அவள் விதிப்படி செய்யவில்லை. இதை என்னால் தாண்ட முடியவில்லை.

"புளியங்கொட்டைய எடுத்து வையுங்க," என்றாள் மனைவி. "புள்ள நாலு நாளா ஒழுங்காச் சாப்படல. நீங்க பல்லாங்குழி ஆடிட்டு இருக்கறீங்க. உங்க அண்ணன் ஊட்டுக்காவது கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. இங்க இருந்தா ரெண்டு பேருக்கும் பைத்தியம் புடிச்சிரும்."

சனிக்கிழமை போனோம். இரண்டு பேர்தான், பிரிக்க வழியில்லை. உடுமலைப்பேட்டையில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மறையூர் வரை திறக்கவில்லை. காந்தலூர்ப் பூண்டு மூட்டைகள் ஏறின. பஸ் முழுவதும் பூண்டு வாசம்.

அண்ணன் வேலையில் இருந்தான். தேயிலைத் தொழிற்சாலைக்கே போய்விட்டோம். நாங்கள் உள்ளே நுழைந்த நேரம் இலை நறுக்கும் உருளை ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தான். உருளையின் பற்கள் ஒரு வரிசை மழுங்கி, பளபளவென்று உரசிக் கிடந்தது.

"வாலே. வாத்தியாருக்கு இப்பத்தான் அண்ணன் நெனப்பு வந்துச்சா? பிள்ள என்ன இப்படிக் கருத்துப் போச்சு?" என்றவன், நான் உருளையையே பார்ப்பதைக் கண்டு, "ஆணிலே. கொழுந்துச் சாக்குல இருந்து விழுந்திருக்கு. கத்துன கத்துல மூணாறு வரைக்கும் கேட்டிருக்கும்," என்றான்.

எதற்காகக் கேட்டேன் என்று தெரியவில்லை. "பக்கத்து உருளையில போட்டுப் பாத்தியா?" என்றேன்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தான். "எத? ஆணி கெடக்குற அந்த இலையவா? அத அள்ளி அடுத்ததுல போட்டா அதுவும்லா போவும்? இல்ல, நல்ல இலையக் கொண்டாந்து இந்தப் பல்லுபோன உருளையில விடவா? உனக்கு யாருலே கணக்கு வாத்தியார் வேல குடுத்தது?"

பக்கத்தில் நின்ற இருவர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உருளை, இலை, டிரைவ், டிஸ்க் எல்லாம் தலைக்குள் ஒன்றோடொன்று முட்டின. ஒரு இரும்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். புளியங்கொட்டைகளை மறுபடி நகர்த்தினேன், இந்த முறை காகிதமில்லாமல்.

தூசி விழுந்து மூன்றாவது டிரைவின் முனைகள் டிஸ்க்கைச் சுரண்டின. அதோடு டிஸ்க்கும் கெட்டது, அந்த முனைகளும் கெட்டன. என் நான்காவது வரிப்படி, ஒப்பீட்டு டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு, சுரண்டிய டிஸ்க்கை நான்காவது டிரைவில் போட்டாள். மேடுபள்ளமான அந்தத் தட்டு நான்காவதின் முனைகளையும் உடைத்தது. டிஸ்க் கெட்டது என்று முடிவு செய்து, வரிப்படியே மாற்று டிஸ்க்கைக் கெட்டுப்போன மூன்றாவதில் போட்டாள். ஒப்பீட்டு டிஸ்க்கைக் கெட்டுப்போன நான்காவதில் திரும்ப வைத்தாள். இரண்டும் போயின. ஐந்தாவது வரிப்படி செய்திருந்தால், மிஞ்சியிருந்த முதல் டிஸ்க்கையும் கொண்டுபோய் அந்த உடைந்த முனைகளுக்குக் கீழே வைத்திருப்பாள். வைக்கவில்லை. நிறுத்தினாள்.

எந்த டிஸ்க் எதோடு சேரலாம் என்று ஒரு மாதம் யோசித்தேன். எந்த டிரைவில் எது உட்காரும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. பெட்டி பெட்டியாகப் பிரித்ததெல்லாம் கடைசியில் ஒரே முனைகளின் கீழே போய்ச் சேர்ந்தது. ரெண்டு பஸ்ஸும் ஒரே ரோட்டில்தான்.

திரும்பும் பஸ்ஸில், சின்னாறுக்கு முன்னால், அவளிடம் இதைச் சொன்னேன். சொல்லி முடிக்கக்கூட அவள் விடவில்லை.

"தெரியுமுங்கப்பா."

"எப்ப இருந்து?"

"நாலாவது டிரைவ்லயும் அதே சத்தம் வந்தப்பவே சந்தேகம். ஒப்பீட்டு டிஸ்க்க வச்சதும் வந்த நாத்தத்துல தெரிஞ்சிருச்சு."

"அப்ப ஏம்மா ஒரு வார்த்த சொல்லல? நான் பூ விழுந்துச்சா, மூடி திருகுனியான்னு..."

"என்ன சொல்லச் சொல்றீங்க? அந்தத் தாள்ல இருக்கறது உங்க கையெழுத்து. வியாழக்கிழம நான் போயி எங்கப்பா எழுதுனது தப்புன்னு சொல்லட்டுமா?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பூ விழுந்துச்சான்னு கேட்டீங்க பாருங்க. ஒரு நிமிஷம் நெஜமாவே பூ விழுந்திருக்குமோன்னு நானே தலையத் தொட்டுப் பாத்தேன்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை விசாரணையில் மேலிடத்திலிருந்து ஒருவர், எங்கள் அதிகாரி, எழுதிக்கொள்ள ஒரு கிளார்க். மகள் ஒரு நாற்காலியில். விதியை எழுதியவன் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சுவரில் இருந்த தாளைச் சட்டத்தோடு கழற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார்கள்.

நான்காவது, ஐந்தாவது வரிகள் தவறு என்று சொன்னேன். புளியங்கொட்டை இல்லாததால் கிளார்க்கின் மைப்புட்டியையும் இரண்டு எடைக்கல்லையும் நகர்த்திக் காட்டினேன். அவள் நிறுத்தியதால்தான் முதல் டிஸ்க் பிழைத்தது என்றேன். அதுவரை வாய் தடுமாறவில்லை.

மேலிடத்து ஆள் கேட்டார்: "அது சரி. ஆனால் ஆறாவது வரி தெளிவாக இருக்கிறதே. நிறுத்தக் கூடாது. முதல் ஐந்து வரி அதற்கு முந்தைய வருடத் தேதி, இந்த வரி மட்டும் பின்னால் சேர்த்திருக்கிறது. ஏன் சேர்த்தீர்கள்?"

ஒழுங்குக்காக என்று சொல்லியிருக்கலாம். அது ஏற்கெனவே பதிவில் இருந்தது. அப்படிச் சொன்னால் ஒழுங்கை மீறியவள் அவள். உண்மையைச் சொன்னால், தொழிற்சாலை விதியில் என் மகளுக்காக ஒரு வரி எழுதியவன் நான். எது அவளைக் காப்பாற்றும், எது இருவரையும் சேர்த்து மூழ்கடிக்கும் என்று அந்த நிமிடத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது. வாய் தானாகவே பேசியது.

"என் பொண்ணு வேலைக்குச் சேர்ந்ததால சேர்த்தேன் சார். அவ நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேப்பா. அதனால அவ மேல பழி வரக் கூடாதுன்னு எழுதுனேன்."

எங்கள் அதிகாரி மெதுவாக, "மாஷே, இது ரெக்கார்டில் எழுதணோ?" என்றார். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார் என்று தெரிந்தது. எழுதச் சொன்னேன்.

வெளியே வந்ததும் சைக்கிள் கொட்டகை அருகே மகள் என்னை நிறுத்தினாள். அவள் கண் சிவந்திருந்தது.

"எனக்காகவா எழுதுனீங்க அத?"

"ஆமாம்மா."

"தெனமும் காலையில உள்ள போனதும் அந்த வரியத்தான் மொதல்ல படிப்பேன். எவனோ பொம்பளப் புள்ளைங்கள நம்பாம எழுதி வச்சிருக்கான்னு நெனச்சுப்பேன். உங்க கையெழுத்துன்னு தெரிஞ்சும் உங்கள நெனச்சதில்ல."

சைக்கிள் பூட்டைத் திறக்கத் தெரியாதவன்போலக் குனிந்து நின்றேன்.

முடிவு அந்த வாரமே வந்தது. அவளை அனுப்பவில்லை. தகுதிகாண் காலத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டினார்கள். 'நடைமுறைக்கு வெளியே செயல்பட்டார்' என்று ஒரு வரி அவள் கோப்பில் இருக்கிறது. அதற்குக் கீழேயே 'அதனால் ஒரு டிஸ்க் காக்கப்பட்டது' என்றும் இருக்கிறது. இரண்டில் எதைப் பெரியதாக எடுத்துக்கொள்வார்கள் என்று ஆறு மாதமும் எனக்கு ஓயாத கலக்கம். என்னை இயந்திரப் பிரிவிலிருந்து எடுத்து, பரிசோதனைக் கூடத்துக் காகிதங்களைத் தேடிப் பிடித்து மறுபடி அட்டையாக்கும் வேலையில் போட்டார்கள். கிரீஸ் படிந்த காகிதங்கள். இன்னும் முடியவில்லை.

புது விதியை எழுதும் வேலையை அவளிடம் கொடுத்தார்கள். அவள் என்னிடம் காட்டவில்லை. சுவரில் மாட்டிய பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று படித்தேன். குழு சேர்ப்பது எல்லாம் நான் எழுதியபடியேதான். நான்காவது, ஐந்தாவது வரிகள் மட்டும் புதியவை. நான்காவது: "சத்தம் கேட்டால் நிறுத்து. எதையும் எடுக்காதே, எதையும் போடாதே. கூப்பிடு." ஐந்தாவது: "டிரைவைப் பார்த்து முடிக்கும்வரை அதில் எந்த நல்ல டிஸ்க்கும் ஏறக் கூடாது." ஆறாவது வரி இல்லை. அந்த இடத்தில் தாள் வெறுமையாக இருந்தது.

இது நடந்து எட்டு மாதமாகிறது. இப்போதும் வீட்டில் யாராவது தோசைக்கல்லைச் சுரண்டினால் எழுந்துவிடுகிறேன். அவள் வேலைக்குக் கிளம்பும்போது ஏதோ சொல்ல வேண்டும் என்று வாசல்வரை போய், ஒன்றும் சொல்லாமல் திரும்புகிறேன். ஜாக்கிரதை என்று சொல்வதா, உன் யோசனைப்படி செய் என்று சொல்வதா? இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்வது?

போன வாரம் நிரந்தர உத்தரவு வந்தது. அவள் அதை முதலில் அம்மாவிடம்தான் கொடுத்தாள். மனைவி முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தாள், இளையவள் படித்தாள், பிறகு என் கைக்கு வந்தது. நான் இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்கும்போது அவள் இன்னொரு தாளை நீட்டினாள். உத்தரவின் நகல், அவளே டைப் அடித்தது.

"உங்களுக்குத்தான். ஒண்ணு போனா இன்னொண்ணு வேணுமே," என்றாள். "எங்கீங்க வைக்கப் போறீங்க? ரெண்டையும் ஒரே பீரோவுலயா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தை மாதத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

பீரோவில் ஒன்று, பெரியப்பா வீட்டில் ஒன்று என்று சொல்ல வாயெடுத்தேன். தேவிகுளத்துக்குத் தபாலும் அதே ரோட்டில்தான் போகும். பள்ளியில், வங்கியில், மாமனார் வீட்டில் என்று ஒவ்வொன்றாக யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தோன்றி, கையில் இரண்டு தாளோடு கூடத்தில் நின்றுகொண்டே இருந்தேன். உத்தரவை மனைவி என் கையிலிருந்து வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள்.

நகல் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.